பிள்ளைகள் பரிசாக வரையும் கன்வஸ் படத்துக்கு எந்தப் பெயின்ற்?

யாழ்ப்பாணக் கடைகளில் சின்னப் பிள்ளைக்கென்று கேட்டால் போஸ்ரர் கலரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கடதாசிக்கு நல்ல சாமான். கன்வஸில் தடிப்பாகப் பூசினால் காய்ந்ததும் வெடித்து உதிரும். ஈரக்கை பட்டாலே கரையும். அம்மம்மா வீட்டுச் சுவரில் படம் நிலைக்க வேண்டுமென்றால் மாணவர் தர அக்ரிலிக்தான் சரி. ஆனால் சட்டையில் பட்டால் காயமுன்னம் கழுவவேண்டும், பிறகு போகாது.

‘நச்சற்றது’ என்ற அச்சு மட்டும் போதாது. ஐரோப்பிய விளையாட்டுச்சாமான் பாதுகாப்புத் தரமான ஈ.என். 71-3 குறியைத் தேடுங்கள்: ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கசியும் அளவுக்கு அதில் வரம்புண்டு. ஏ.எஸ்.ரி.எம். டி-4236 என்ற அமெரிக்கக் குறி தனியே இருந்தால் மயங்கவேண்டாம். அது எச்சரிக்கை அச்சிடும் முறைக்கான விதி, பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. மஞ்சள், சிவப்பு ரியூப்பில் ‘கட்மியம்’ என்றிருந்து பக்கத்தில் ‘ஹியூ’ (அந்த உலோகம் சேராத, அதே போன்ற நிறம்) இல்லையா? திருப்பி வைத்துவிடுங்கள்.

விரல் சூப்புகிற வயதுக்கு அக்ரிலிக்கே வேண்டாம். அதே தரத்தின் விரல் பெயின்ற் பகுதியான ஈ.என். 71-7 போட்ட விரல் பெயின்ற் வாங்குங்கள். வாயில் வைத்தால் கசக்கும்படி அதில் மருந்து சேர்த்திருக்கும். மெல்லிதாகப் பூசவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் பெரியவர் ஒருவர் முற்றத்தில் வைத்து ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்கலாம். தூரிகையால் வார்னிஷ் பூசினால் நிறம் இழுபட்டுப் படம் கெடும்.