பவர் சப்ளை டெஸ்டர்: திடீரென்று ஆஃப் ஆகும் கம்ப்யூட்டருக்கு இது போதுமா?

கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் "பவர் சப்ளையைப் பாருங்க" என்பதுதான், அதாவது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தப் பெட்டியை. எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் இந்தக் குட்டி டெஸ்டரைக் காட்டுவார்கள். என் டெஸ்க்டாப் கேம் ஓடும்போது மட்டும் பட்டென்று அணைய ஆரம்பித்ததும் நானும் ஒன்று வாங்கினேன். பிராண்டு என்று பெரிதாக எதுவும் இல்லாத ரகம், இதே பெட்டியைத்தான் பல லேபிள் ஒட்டி விற்கிறார்கள்.

உள்ளங்கை அளவுதான் இருக்கும். நடுவில் எல்சிடி திரை, ஓரமெல்லாம் சாக்கெட்டுகள்: மதர்போர்டுக்குப் போகும் 24 பின், சிபியு 8 பின், கிராஃபிக்ஸ் கார்டு 8 பின், டிஸ்க் போன்றவற்றுக்கான சாட்டா, மோலெக்ஸ், இந்தக் காலத்தில் ஃபிளாப்பிக்குக்கூட ஒன்று. சப்ளையின் எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு 24 பின்னை இதில் செருகி சுவிட்சைப் போட்டால் மதர்போர்டு இல்லாமலே சப்ளை ஓடும். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் சேர்த்து ஆன் செய்வார்களே, அதே வேலைதான், ஆனால் கை நடுங்காமல் செய்யலாம். திரையில் 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் வரிசையாக வரும், எது எல்லை மீறினாலும் பீப் அடிக்கும். மூலையில் பிஜி (பவர் குட்) என்று ஒரு எண் இருக்கும். "நான் நிலைக்கு வந்துவிட்டேன்" என்று சப்ளை மதர்போர்டுக்குச் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் அது, 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் இருந்தால் சரி.

எனக்கு வந்தவை 12.1, 5.1, 3.3, பிஜி 280. எல்லாம் பக்கா. திரும்ப மாட்டி கேமைத் திறந்தால் மறுபடி அதே கதை.

காரணம் எளிது. இந்த டெஸ்டர் சப்ளையிடமிருந்து மின்சாரம் என்று பெரிதாக எதையும் இழுப்பதில்லை. சிபியுவும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து சில நூறு வாட் கேட்கும் நிலைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. காலி வண்டி மேடு ஏறியதைப் பார்த்துவிட்டு மூட்டையோடும் ஏறும் என்று சொல்ல முடியுமா? கிராஃபிக்ஸ் கார்டுகள் வேறு கண் இமைக்கும் நேரத்துக்குள் வழக்கத்தைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டு இறங்கிவிடும். இந்தத் தொல்லைக்காகவே 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை விதிமுறை, கார்டுக்கென்று தனியாகப் புது 16 பின் 12 வோல்ட் கனெக்டர் உள்ள பெரிய சப்ளைகள் தங்கள் வாட் அளவைப் போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. பழைய, கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகம்) தளர்ந்த சப்ளை அந்தத் துள்ளலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும், டெஸ்டரில் மாட்டினால் நல்ல பிள்ளையாக 12.1 காட்டும்.

என் விஷயத்தில் உண்மையைச் சொன்னது காசே கேட்காத இரண்டு மென்பொருள்கள். வெப்பம், வோல்ட் எல்லாம் கண்காணிக்கும் எச்டபிள்யூஇன்ஃபோவில் (HWiNFO) லாக் எழுதச் சொல்லிவிட்டு, கணினிக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஓசிசிடியில் (OCCT) சிபியுவை மட்டும் ஓட்டினேன், அசையவில்லை. அப்புறம் சிபியுவையும் கிராஃபிக்ஸ் கார்டையும் ஒன்றாக வாட்டும் பவர் டெஸ்டைப் போட்டதும் திரை இருண்டது. லாக்கின் கடைசி வரியில் சிபியு வெப்பம் 71 டிகிரி. சூட்டினால் அணைந்திருந்தால் அந்த எண் 90, 100 என்று நின்றிருக்கும், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கவும் சிபியு பார்த்திருக்கும். நடந்ததை எல்லாம் குறித்துவைக்கும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பிழை பதிவாகியிருந்தது, நீலத்திரைக்கான காரண எண்ணான பக்செக் கோடு 0. அதாவது நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை, கரண்ட் போன மாதிரி போயிருக்கிறது. (41 என்ற எண்ணைப் பார்த்ததுமே சப்ளைதான் என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அது ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது.) எல்லாவற்றையும்விட எனக்குத் துப்பு கொடுத்தது, அணைந்த பிறகு பவர் பட்டனை எவ்வளவு அழுத்தியும் அசையாதது. பின்பக்க சுவிட்சை ஆஃப் செய்து கொஞ்சம் விட்டுப் போட்டால்தான் உயிர் வந்தது. சப்ளையின் பாதுகாப்புச் சுற்று தடுத்து நிறுத்தினால் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். நண்பரின் சப்ளையை மாட்டிப் பார்த்தேன், அதே டெஸ்ட் முழுதாக ஓடி முடிந்தது.

ஆன் செய்த சில நொடியிலேயே அணைகிறது என்றால் சப்ளையை விட்டுவிட்டு முதலில் கேபினட் பட்டனின் ஒயரை மதர்போர்டிலிருந்து உருவிப் பாருங்கள். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால், 4 நொடி அழுத்திப் பிடித்ததாக நினைத்து போர்டு தானே அணைத்துவிடும்.

டெஸ்டருக்குத் திரும்பினால், எனக்கு இரண்டு குறைகள். 3.3 வோல்ட்டுக்கு அனுமதி 3.135 முதல் 3.465 வரை, ஆனால் இது ஒரே ஒரு தசமம்தான் காட்டும், 3.1 என்று வந்தால் அது உள்ளேயா வெளியேயா என்று திரையை வைத்துச் சொல்ல முடியாது. சாதாரண மல்டிமீட்டர் இதைவிட நுணுக்கமாகச் சொல்லும், அதுவும் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே. அடுத்தது, சிபியு 8 பின்னும் கார்டு 8 பின்னும் பார்வைக்கு அண்ணன் தம்பி, ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். சாக்கெட் மேல் எழுதியிருப்பதோ எறும்பு எழுத்து. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

அடிக்கடி பிறர் கணினியைத் திறக்கிறவர்களுக்கு 5க்கு 4 தருவேன், பட்டனை அழுத்தினால் மூச்சே காட்டாத கணினியில் சப்ளை செத்துவிட்டதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது அணையும் கணினிக்காக என்றால் 1, அதுவும் திரை பளிச்சென்று இருப்பதற்காக. வாங்குகிறவர்கள் படத்தில் சாக்கெட்டுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், புதிய கிராஃபிக்ஸ் கார்டுகளின் 16 பின் கனெக்டருக்கு என்னுடையதில் இடமே இல்லை.