பழைய காற்றின் ஓசோன் கணக்கு: காகிதமா, கரைசலா, பனிக்கட்டியா?

தொழிற்சாலைப் புகை சேராத காலத்தில், நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் எவ்வளவு இருந்தது? காரைக்குடியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது வெறும் பழங்கதை அல்ல. தரையொட்டிய ஓசோன் நெல்லின் இலைத்துளை வழியாகப் புகுந்து விளைச்சலைக் குறைக்கும். மனிதர் கூட்டிய பசுங்குடில் வாயுக்களில் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேனுக்கு அடுத்த இடமும் அதற்குத்தான். முன்பு 10 பிபிபி, அதாவது நூறு கோடியில் 10 பங்கு, இருந்தது என்று வைத்துக்கொண்டால், இன்று வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைப் பகுதியில் காணும் 30, 40 பிபிபி என்பது மூன்று நான்கு மடங்கு ஏற்றம். முன்பே 25 இருந்தது என்றால் நம் பங்கு வெகுவாகக் குறைந்துவிடும். எந்தப் பழைய அளவை நம்புகிறோம் என்பதைப் பொறுத்தே மற்ற கணக்கெல்லாம் மாறுகிறது.

அந்தப் பழைய அளவை அறிய மூன்று வழிகள் உண்டு. முதலில் காகிதம். 1839-ல் ஓசோனை அடையாளம் கண்ட பாசல் நகரத்து வேதியியலாளர் ஷோன்பைன்தான் இந்த முறையையும் தந்தார். ஸ்டார்ச்சும் பொட்டாசியம் அயோடைடும் தடவிய காகிதத்தை வெயில் படாத இடத்தில் பல மணி நேரம் தொங்கவிட வேண்டும். ஓசோன் அயோடைடை அயோடினாக்கும். அயோடின் ஸ்டார்ச்சோடு சேர்ந்து நீலமாகும். அந்த நிறத்தை 0 முதல் 10 வரையுள்ள அட்டையோடு ஒப்பிட்டு எண் போடுவார்கள். மலிவானது, யாரும் செய்யலாம் என்பதால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவியது. இன்று கையில் இருக்கும் பழைய பதிவுகளில் பெரும்பகுதி இதுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்த வினைக்குத் தண்ணீர் வேண்டும். எங்கள் மாணவர்கள் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவில் இதே காகிதத்தைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் வெளிறிக் கிடந்த காகிதம், ஐப்பசி ஈரத்தில் கருநீலமாகிவிட்டது. மேகமூட்டமும் மழையும் இருக்கும் நாளில் ஓசோன் கூடியிருக்க வாய்ப்பில்லை. காகிதம் சொன்னது ஈரப்பதத்தை. காற்று வேகமாக வீசினாலும் நிறம் கூடும். நைட்ரஜன் டை ஆக்சைடு இருந்தால் ஓசோன் இல்லாமலே நீலம் பிடிக்கும். சல்பர் டை ஆக்சைடு வந்தால் பிடித்த நீலமும் போகும். இத்தனையையும் பின்னால் உட்கார்ந்து திருத்திவிடலாம் என்று பலர் முயன்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அன்றைய ஈரப்பதம் குறிக்கப்பட்டிருந்தாலும், காகிதத்தின் மேல் எவ்வளவு காற்று கடந்தது என்பதை யாரும் அளக்கவில்லை.

அப்புறம் கரைசல். பாரிஸின் தென் ஓரத்தில் உள்ள மோன்சூரி ஆய்வகத்தில் 1876 முதல் 1910 வரை ஆல்பர்ட்-லெவி முறையில் அளந்தார்கள். இங்கே கண்ணுக்கு வேலை குறைவு. காற்றைப் பம்பால் இழுத்து, அளவும் பார்த்து, அயோடைடு கலந்த ஆர்சனைட் (ஆர்சனிக் உப்பு) கரைசலுக்குள் குமிழவிடுவார்கள். ஓசோன் ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக்கும். மிச்சமுள்ள ஆர்சனைட்டை அயோடினால் டைட்ரேஷன் செய்தால், அதாவது சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்தால், செலவானது எவ்வளவு என்று தெரிந்துவிடும். 1988-ல் வோல்ஸ், கிளே என்ற ஆய்வாளர்கள் இருவரும் அந்தக் கருவியை மறுபடி செய்து சோதித்து, சராசரி சுமார் 10 பிபிபி என்று எழுதினார்கள். நெடுங்காலம் பாடப்புத்தக எண் அதுவே.

முறை நேர்த்தியானது, மனதார மதிக்கிறேன். எண்ணைத்தான் ஏற்க முடியவில்லை. நிலக்கரி எரித்த பெருநகரத்தின் ஓரம் அது. சல்பர் டை ஆக்சைடு கரைசலிலும் ஓசோன் கணக்கைக் குறைத்துக் காட்டும். நகரப் பக்கக் காற்று வீசிய நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் அந்தச் சந்தேகம் முழுதாகத் தீராது. தரைக்கு அருகில் இரவில் ஓசோன் மண்ணிலும் செடியிலும் பட்டு அழிவதால், நாள் முழுவதற்குமான சராசரி இன்னும் இறங்கும்.

மூன்றாவது பனிக்கட்டி, என் தேர்வும் அதுதான். ஓசோன் பனிக்குள் பிழைத்திருக்காது. எதனோடாவது வினை புரிந்து போய்விடும். ஆனால் அதன் தடம் சாதாரண ஆக்சிஜனில் நிற்கிறது. இரண்டு அணுக்களுமே ஆக்சிஜன்-18 (எடை கூடிய ஆக்சிஜன் அணு) ஆக உள்ள அரிய மூலக்கூறுகள், பத்து லட்சத்தில் ஏறக்குறைய நான்கு, காற்றில் உண்டு. மேலே குளிர்ந்த அடுக்குகளில் அவற்றின் விகிதம் சற்று உயரும். கீழே ஓசோன் வழியாக நடக்கும் வினைகள் அதை இறக்கும். ஓசோன் கூடினால் இறக்கமும் கூடும். கிரீன்லாந்து, அண்டார்டிகா பனியில் அடைபட்ட காற்றை இப்படி அளந்து, லாரன்ஸ் யுங் என்பவரின் ஆய்வுக் குழு 2019-ல் சொன்னது: 1850-க்கும் 2005-க்கும் இடையே கீழ் வளிமண்டல ஓசோன் 40 சதவீதத்துக்குக் குறைவாகவே ஏறியிருக்கிறது.

இதற்கும் குறை உண்டு. மோன்சூரி பதிவு ஒரு கடையின் நாள் கணக்கு என்றால், பனிக்கட்டி தருவது செட்டியார் பெட்டியடியின் ஐந்தொகை: மொத்த இருப்பு தெரியும், எந்த ஊரில் என்றைக்கு என்பது தெரியாது. தரைமட்டத்தைத் தனியாகவும் காட்டாது; விகிதத்தை ஓசோன் அளவாக்கக் கணினி மாதிரி வேண்டும்.

இருந்தும் நான் அந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம், வேறு வழியில் வந்தவர்களும் அருகிலேயே வந்து நிற்பதுதான். அதே 2019-ல் டாரசிக் என்பவரின் ஆய்வுக் குழு பழைய தரை அளவுகளை ஒவ்வொன்றாகச் சலித்தது. நம்பத்தக்கவற்றை மட்டும் வைத்துப் பார்த்தபோது, வட அரைக்கோள மித வெப்பப் பகுதியில் தரை ஓசோன் ஏற்றம் 30 முதல் 70 சதவீதம். சரி, 40-க்கும் 70-க்கும் இடைவெளி இருக்கிறது. தரைமட்டத்தில் ஏற்றம் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனால் மூன்று நான்கு மடங்குக்கு இரண்டிலுமே இடமில்லை.

பொட்டாசியம் அயோடைடின் மேல் மட்டும் பழி போட வேண்டாம். மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர்க்காரனாக இதைச் சொல்லியாக வேண்டும்: இன்று பலூனில் ஏறி 30 கிலோமீட்டர் உயரம் வரை ஓசோன் அளக்கும் மின்வேதிக் கலத்திலும் நடப்பது இதே அயோடைடு வினைதான். அங்கே பம்ப் இழுக்கும் காற்றின் அளவு தெரியும். நிறத்துக்குப் பதில் மின்னோட்டம் பேசுகிறது. காகிதச் சோதனையைப் புராஜெக்டாக எடுக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றே: நிற எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த நேரத்து ஈரப்பதத்தையும் எழுதிவிடுங்கள், இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் கொண்டுவாருங்கள்.