நல்லெண்ணெய் வாங்க அடையாள அட்டை எண் எதற்கு?

சிங்கப்பூரில் தேக்கா பக்கத்தில் உள்ள இந்த மளிகைக் கடையின் பெயரை எழுதப்போவதில்லை. சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செக்கு நல்லெண்ணெய் மணக்கிறது, முருங்கைக்காய் முற்றலாக வருவதில்லை, கறிவேப்பிலையைக் கேட்காமலே பையில் போடுகிறார்கள். எனக்குச் சண்டை அவர்களுடைய உறுப்பினர் அட்டைப் படிவத்தோடுதான்.

நூறு வெள்ளிக்கு வாங்கினால் ஐந்து வெள்ளி கழிவு. பழைய காகித அட்டையை மாற்றப் போன என்னிடம் நீட்டிய புதுப் படிவம் பெயர், கைப்பேசி எண், முழு அடையாள அட்டை எண், பிறந்த தேதி, முகவரி, இனம் எல்லாவற்றையும் கேட்டது. கல்லாவில் இருந்த பெண், "எல்லாரும் எழுதிக் கொடுக்கிறார்களே, அக்கா" என்றார். கொடுக்கத்தான் செய்வார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது யார் வாதாடுவார்?

நான் வாதாடினேன். சட்டப்படி கட்டாயமாகவோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தும் தேவையோ இருந்தாலொழிய, தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணை வாங்கக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கழிவு அட்டை இரண்டிலும் சேராது. முதலாளி சிரித்தார்: "மளிகைக் கணக்கை யார் திருடப்போகிறார்கள், அம்மா?"

2018இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினியிலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. போனவை பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த தேதி. பாலினத்தைத் தவிர அத்தனையும் இந்தப் படிவத்தில் இருக்கின்றன. அதுவும் கணினியில்கூட இல்லை. நிரப்பிய படிவங்கள் கொத்தமல்லிக் கூடைக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கின்றன.

அவர்களுடைய இணையத்தளத்தில் உள்ள தனியுரிமைக் கொள்கையையும் முழுக்கப் படித்தேன். எங்கிருந்தோ நகலெடுத்திருக்கிறார்கள். தேக்காவில் வெண்டைக்காய் வாங்கும் எனக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி உரிமைகள் தருகிறார்கள். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'உங்கள் விவரங்களை அழிக்கச் சொல்லலாம்' என்ற வாக்கியமும் அங்கிருந்து வந்ததுதான். நம் சட்டம் அப்படித் தனி உரிமை தரவில்லை. கொடுத்த சம்மதத்தை நாம் திரும்பப் பெறலாம். தேவை முடிந்தபின் விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்ற கடமை நிறுவனத்துக்கு உண்டு.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். தரவுப் பாதுகாப்பு அதிகாரியின் மின்னஞ்சல் முகவரியைக் கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள், அது வேலையும் செய்கிறது. கடந்த ஓராண்டில் என் கைப்பேசி எண்ணை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். சட்டம் தரும் 30 நாள் அவகாசம் முடியுமுன்பே பதில் வந்தது: தீபாவளிச் சலுகைக் குறுஞ்செய்தி அனுப்பித் தரும் ஒரு நிறுவனத்துக்கு. ஒளிக்காமல் சொன்னார்கள். அதிகாரி வேறு யாருமல்ல, முதலாளியின் மகள்தான்.

பொருளுக்கு ஐந்து நட்சத்திரம், படிவத்துக்கு ஒன்று, பதிலுக்கு நான்கு. அட்டை வேண்டுமென்றால் பெயரையும் கைப்பேசி எண்ணையும் மட்டும் எழுதிக் கொடுங்கள்; என்னுடையதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், கழிவும் கிடைக்கிறது. குறுஞ்செய்தி வேண்டாம் என்றால் அதையும் அந்த மகளுக்கே எழுதுங்கள், முதலாளியிடம் சொல்லிப் பயனில்லை.