மண்ணடியில் செய்து வாங்கிய சிங்கக் கேடயம்

எங்கள் ராயபுரம் கால்பந்துக் குழுவின் சின்னத்தை, மண்ணடியில் பித்தளைத் தகட்டில் செதுக்கித் தரும் சிறு கடையொன்றில் கேடயமாகச் செய்து வாங்கினோம். ஐரோப்பிய மரபுச் சின்னங்களில் விலங்கு எது என்பதோடு அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அடையாளமாகையால், இந்த வேலைக்கு அழகைவிடத் துல்லியமே முக்கியம். ஸ்காட்லாந்தின் சிவப்புச் சிங்கம் பின்காலில் நிமிர்ந்து, முன்கால்களை உயர்த்திப் பாயும்; இங்கிலாந்தின் மூன்று சிங்கங்களோ வலது முன்காலை மட்டும் தூக்கி நடந்தபடி, முகத்தை நம் பக்கம் திருப்பியிருக்கும். நம் சோழர் முத்திரையில் புலி அமர்ந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

நாங்கள் கேட்டது பாயும் சிங்கம். கேடயத்தைத் தாங்குபவரின் வலப்புறத்தை, அதாவது பார்ப்பவரின் இடப்புறத்தை, விலங்கு நோக்க வேண்டும் என்ற மரபைச் சொன்னதும், கடைக்காரர் மாதிரிப் படத்தைத் திருப்பி வரைந்து, எங்கள் ஒப்புதலைப் பெற்ற பிறகே உளியை எடுத்தார். நகங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. வால் நுனிக் குஞ்சத்தில் முடி இழைகள்கூடச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கைத்திறனுக்கு விலை நியாயமானதே. நாக்கில் பூசிய சிவப்பு வண்ணம் மட்டும் ஓரத்தில் சற்றே வழிந்திருக்கிறது. ஆகவே வண்ணம் பூசச் சொல்பவர்கள், காய்ந்தபின் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வது நல்லது.