600 குதிரைத்திறன் மஸ்டாங்குக்கு ஏற்ற கிளட்ச்: மெக்லியோட் ஆர்எஸ்டி இரட்டைத் தட்டு கிளட்ச் பற்றிய மதிப்பீடு

என்னிடம் இருப்பது 2016-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. ஐந்து லிட்டர் வி8 எஞ்சினும் ஆறு கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸும் உள்ள கார் அது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த எஞ்சின் 435 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி, அதாவது ஏறத்தாழ 542 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் பொருத்திய பிறகு 600 குதிரைத்திறனை எட்டியது. மூன்று வாரம் கழித்து, ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவேயில் நான்காவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தேன். டாக்கோமீட்டர் முள் 3,500-லிருந்து 5,000-க்குத் தாவியது. வேகமானியின் முள்ளோ இருந்த இடத்திலேயே நின்றது. அடுத்த நொடியே கிளட்ச் கருகும் வாடை காருக்குள் வந்துவிட்டது.

எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தாமல் கிளட்ச் நழுவியிருந்தது. அது தொழிற்சாலைக் கிளட்ச்சின் குறை அல்ல. தனக்கென்று அளந்து கொடுத்த முறுக்குவிசைக்கு மேல் சுமக்கச் சொன்னால் எந்தக் கிளட்ச்சும் நழுவத்தான் செய்யும். மாற்றுக் கிளட்ச் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனை மட்டுமே பார்க்கிறார்கள். கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது. அது தாங்குவது முறுக்குவிசையைத்தான். சுற்று வேகம் ஏற ஏறத்தான் உச்சக் குதிரைத்திறன் கிடைக்கிறது. ஆனால் சூப்பர்சார்ஜர் கீழ்ச்சுற்றுகளிலேயே முறுக்குவிசையை மேலே தூக்கிவிடுவதால், அதே 600 குதிரைத்திறனை 7,500 சுற்றில் மட்டும் எட்டுகிற, டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எஞ்சினைவிட இந்த எஞ்சின் கிளட்ச்சை அதிகமாக வதைக்கும்.

கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட்டின் விசை, உராயும் பொருளின் பிடிப்பு, தட்டின் ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. ஆரத்தைக் கூட்டக் கியர்பாக்ஸ் கூட்டில் இடம் கிடையாது. அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனத்துவிடும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்தக் கூடுதல் விசை எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் மீது போய் விழும். பிடிப்பு அதிகமுள்ள பொருளைப் போட்டால் நகரத் தொடங்கும்போது வண்டி உதறும். எஞ்சுவது முகங்களின் எண்ணிக்கை மட்டுமே. ஒற்றைத் தட்டுக்கு இரண்டு முகங்கள், இரட்டைத் தட்டுக்கு நான்கு. அழுத்தத்தைக் கூட்டாமலே தாங்குதிறன் இரண்டு மடங்காகிறது.

இந்தக் கணக்கை நான் புரிந்துகொண்டது ஒரு தவறான வாங்கலுக்குப் பிறகுதான். முதலில் ஒரு கடைக்காரரின் பேச்சைக் கேட்டு, ஆறு செராமிக் பட்டைகள் கொண்ட ஒற்றைத் தட்டு கிளட்ச்சைப் பொருத்தினேன். அது நழுவவே இல்லை என்பது உண்மை. ஆனால் வீட்டு முற்றத்தின் சரிவில் பின்னோக்கி ஏறும்போது வண்டி முழுவதும் கிடுகிடுவென்று ஆடும். பின்காட்டிக் கண்ணாடியில் தெரு இரண்டிரண்டாகத் தெரியும். மாலை நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்து செல்ல அதில் வழியே கிடையாது; பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. ஏழு மாதம் கழித்துக் கழற்றியபோது ஃபிளைவீலின் முகத்தில் ரூபாய் நாணய அளவில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்புகள் வட்டமாக வரிசை கட்டியிருந்தன. விரல் வைத்தால் அந்த இடங்கள் மட்டும் மேடாகத் தட்டுப்பட்டன.

அதன் பின்னர் தேர்ந்தெடுத்ததுதான் மெக்லியோட் நிறுவனத்தின் ஆர்எஸ்டி. இந்த வரிசையில் ஆர்எஸ்டி, ஆர்எக்ஸ்டி என்ற இரட்டைத் தட்டு கிளட்ச்கள் உண்டு. முன்னது 800 குதிரைத்திறன் வரையிலும் பின்னது 1,000 வரையிலும் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஆர்எஸ்டியின் தட்டுகளில் இருப்பது மென்மையாகப் பிடிக்கும் ஆர்கானிக் உராய்பொருள். ஆர்எக்ஸ்டியில் இருப்பது சூட்டை அதிகம் தாங்கும் செராமிக் வகை. பெரியதை வாங்கிவைத்தால் பின்னால் உதவும் என்று பலர் ஆர்எக்ஸ்டிக்குப் போகிறார்கள். தினமும் அலுவலகத்துக்குப் போய்வரும் காரில் 600 குதிரைத்திறன்தான் என்றால், ஆர்எஸ்டியில் உள்ள இடைவெளியே தாராளம் என்பது என் தீர்மானமான கருத்து. தேவைக்கு மேல் வாங்கும் பிடிப்புக்கு ஒவ்வொரு சிக்னலிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். அதோடு செலவு முடிந்துவிடுவதில்லை. இந்த மஸ்டாங்கில், பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கும் ஸ்லேவ் சிலிண்டரும், கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் ஒன்றாக இணைந்து, கியர்பாக்ஸ் கூட்டுக்குள் அதன் உள்தண்டைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன. பின்னால் அது கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டும் என்பதால், புதிய கிளட்ச்சோடு அதையும், உள்தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் ஃபிளைவீல் போல்ட்டுகளையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். கிளட்ச்சுக்கான திரவம் பிரேக் திரவத் தொட்டியிலிருந்தே வருகிறது. அதைப் புதிதாக ஊற்றி, காற்று சிறிதும் தங்காமல் வெளியேற்றுவது அவசியம். பெடலுக்கு மேலே ஒரு துணை ஸ்பிரிங் இருக்கிறது. தொழிற்சாலைப் பிரஷர் பிளேட்டின் கனத்துக்கு ஏற்ப அமைத்த அந்த ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவைத்தால், இலகுவான புதிய கிளட்ச்சில் பெடல் முழுவதும் மேலே திரும்பத் தயங்கும். நான் மென்மையான ஸ்பிரிங்காக மாற்றிய பிறகுதான் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் காலால் உணர முடிந்தது.

ஃபிளைவீலில் எஃகா, அலுமினியமா என்ற கேள்வியும் வரும். அலுமினியம் எடை குறைவு. எஞ்சின் சட்டென்று சுற்று ஏறும், ஆனால் புறப்படும்போது எஞ்சின் அணைந்துபோகாமல் இருக்கக் கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். நகர ஓட்டத்துக்காக நான் எஃகையே எடுத்தேன்.

பொருத்திய பிறகு முதல் 500 மைல் பொறுமையாக ஓட்டுவது கட்டாயம். அதுவும் நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடிய 500 மைல் அல்ல. நின்று நின்று கியர் மாற்றிய நகர மைல்களாக இருக்க வேண்டும். அப்போதுதான் நான்கு முகங்களும் ஒன்றோடொன்று படியும். முதல் 200 மைலில் இலேசான உதறல் இருந்தது. நானூறைத் தாண்டியபோது அது அடங்கிவிட்டது.

இப்போது 14,000 மைல் ஆகிறது. பெடல் தொழிற்சாலைப் பெடலைவிடக் கனமாக இல்லை. 2023-ல் மூடப்பட்ட, பேடவுனில் இருந்த ஹூஸ்டன் ரேஸ்வே பார்க் என்ற பந்தயத் தடத்தின் கடைசிப் பருவத்தில் ஒரே மாலையில் ஆறு முறை கால் மைல் ஓடியும் நழுவல் இல்லை, வாடை இல்லை. நியூட்ரலில் பெடலை மிதித்து நிற்கும்போது இரண்டு தட்டுகளுக்கும் இடையிலுள்ள நடுத்தட்டு சலசலக்கும் ஒலி ஒன்று உண்டு. அது இரட்டைத் தட்டு கிளட்ச்களின் இயல்பே அன்றிப் பழுது அல்ல. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் பக்கத்துக் காரில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்கும். அதைச் சகிக்க முடியாதவர் இதை வாங்க வேண்டாம்.

2018 முதல் வந்த மஸ்டாங் ஜிடி வைத்திருப்பவர்கள் அவசரப்படத் தேவையில்லை. அவற்றில் தொழிற்சாலையே இரட்டைத் தட்டு கிளட்ச்சும் அதிர்வைக் குறைக்க இரு பகுதிகளாக அமைந்த டூயல் மாஸ் ஃபிளைவீலும் கொடுத்துவிட்டது. எஞ்சினைப் பலப்படுத்திய பிறகு நழுவுகிறதா என்று உயர்ந்த கியரில் ஒரு முறை சோதித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். கால் மைலை 11.49 விநாடிக்குள் முடிக்கும் கார் வைத்திருப்பவர்கள், எந்த நிறுவனத்தின் கிளட்ச்சாக இருந்தாலும் பந்தயப் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரமான எஸ்எஃப்ஐ சான்று பெற்றதுதானா என்று பார்த்தே வாங்க வேண்டும். சிதறும் ஃபிளைவீல் கியர்பாக்ஸ் கூட்டைப் பிளந்துகொண்டு வரும் இடம் ஓட்டுநரின் கால்மாட்டில்தான் இருக்கிறது.