நுவரெலியாக் குளிருக்கு எது சரி: கிளாஸ் வூலா, ஃபோயில் ஃபோமா?

எங்கள் பழைய வீட்டுக் கூரைத் தகரத்தைப் போன வருடம் கழற்றி மாற்றினோம். குளிரைத் தடுக்கக் கூரைக்கு அடியில் போடும் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு), ஃபோயில் ஃபோம் இரண்டையும் அப்போது விசாரித்துவிட்டுக் கடைசியில் ஃபோயில் ஒட்டிய ஃபோம் ஷீட்டைத்தான் போட்டோம், அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குளிரைத் தடுப்பதை மட்டும் பார்த்தால் கிளாஸ் வூல்தான் மேல். 50 மில்லிமீட்டர் கிளாஸ் வூலுக்கு முன்னால் 10 மில்லிமீட்டர் ஃபோம் நிற்காது, நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ஃபோயில் பகல் வெயிலை நன்றாகத் திருப்பிவிடும், இரவில் வீட்டுச் சூடு மேலே ஏறுவதை அந்த அளவுக்கு மறிக்காது. ரிஜிஃபோம் (பெட்டிகளில் பொருள் உடையாமல் வைக்கும் வெள்ளை ஃபோம்) மலிவுதான், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். வயர் ஓடும் சீலிங்குக்கு மேல் அது வேண்டாம்.

ஆனால் நம் ஊரில் கணக்கை மாற்றுவது ஈரம். 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும், ஜனவரி பெப்ரவரியில் வானம் தெளிந்து புல்லில் பனி உறையும். அந்த மாதிரி இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். சமையல் ஆவி, வெந்நீர் ஆவி, ஆட்கள் விடும் மூச்சு எல்லாம் பலகைச் சீலிங்கின் இடுக்கு வழியாக ஏறி, தகரத்தின் அடியில் முத்து முத்தாகக் கட்டி, விடியப் பார்த்துச் சொட்டும். சீலிங் மேல் கிளாஸ் வூல் விரித்திருந்தால் சொட்டுவது அதன் தலையில்தான். பஞ்சுக்குள் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் தடுப்பு போச்சு. பக்கத்து குவார்ட்டஸில் ஒரு பலகையைக் கழற்றியபோது பார்த்தேன், மஞ்சள் பஞ்சு பிழியாத துணிபோலக் கனத்துத் தொங்கியது, பலகையின் மேல்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அதை வருடாவருடம் ஏறிப் பார்ப்பது யார்?

ஃபோம் தண்ணீர் குடிக்காது. தகரத்துக்கு அடியிலேயே ஓடுவதால், மூட்டுகளில் அலுமினிய டேப் ஒழுங்காக ஒட்டியிருந்தால் வீட்டு ஆவி தகரத்தைத் தொடாது. பராமரிப்பு என்றால் அந்த டேப் உரிகிறதா என்று பார்ப்பதுதான்.

எதைப் போட்டாலும் சரி, காற்று ஓட்டையை முதலில் அடையுங்கள். சூடான காற்று சீலிங் ஓரத்தால் வெளியேறும், அந்த இடத்துக்குக் கதவடியால் குளிர் உள்ளே வரும். கிளாஸ் வூல் காற்றை மறிக்காது, அதன் ஊடாகவே போய்விடும். காற்றடிக்கும் இரவில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் சட்டம், சுவரும் சீலிங்கும் சேரும் மூலை, வயர் ஏறும் துளை என்று பிடித்துப் பாருங்கள், புகை சாய்கிற இடத்தில் சிலிக்கோன் போதும். கதவுக்கு ரப்பர் பட்டி. 2,000 வாட் ஹீட்டரை இரவுக்கு மூன்று மணி நேரம் போட்டால் மாதம் 180 யூனிட், யூனிட் ஏற ஏற விலைப்படியும் ஏறுகிறது, அந்தச் சூட்டைக் கதவடியில் விட்டுக்கொண்டிருக்க முடியாது.

புது வீடு என்றால் வேறு பேச்சு. இடுக்கில்லாத சீலிங், அதன் மேல் பொலித்தீன், அதற்கு மேல் கிளாஸ் வூல், தகரத்தடியில் ஒரு ஃபோயில் என்று தொடக்கத்திலேயே போட்டால் கிளாஸ் வூல் ஜெயிக்கும் என்றே நினைக்கிறேன். அட்டனில் தம்பி அப்படித்தான் கட்டியிருக்கிறான். இதுவரை ஈரமில்லை, ஆனால் ஒரு பனிக்காலம்தான் போயிருக்கிறது.

ஒன்று மட்டும், விறகடுப்பு எரியும் குசினியை அடைக்காதீர்கள், புகைபோக்கியும் ஜன்னலும் திறந்தே இருக்கட்டும். குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைப்பவர்கள் அடைத்த அறையில் அதை வைக்கவே கூடாது, கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கூரை கழற்றுவதானால் மே மழைக்கு முன்னால் கூரை வேலை செய்யும் பாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.