தமிழ் விக்கிப்பீடியாவில் தெரிந்த பெயர்கள்: நெடுநாள் பயனரின் அனுபவப் பகிர்வு

தமிழ் விக்கிப்பீடியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் தரத்தையும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 2003 செப்டம்பரில் தொடங்கிய தளம் 2017 மே மாதத்தில் ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. பல ஆண்டுகளாக உள்ளிருந்து தொகுத்துவரும் எனக்கு இத்தளத்தின் தனித்தன்மை வேறிடத்தில் தென்படுகிறது. இங்கே எழுதுகிறவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதந்தோறும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு திருத்தமாவது செய்கிறார்கள். நேற்று நம் கட்டுரையில் கைவைத்தவரை மறுபடி எப்போது காண்போம் என்று சொல்ல இயலாது. தமிழில் அப்படித் திருத்துவோர் சில நூறு பேர். நாள்தோறும் வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரை அடையாளம் கண்டுகொள்வது எப்படி நிகழ்கிறது, அதனால் விளையும் நன்மை என்ன, தீமை என்ன என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் அங்கே ஒரு வரியாக விழும்: நேரம், கட்டுரையின் பெயர், கூடிய அல்லது குறைந்த பைட்டுகளின் எண்ணிக்கை, பயனர் பெயர், என்ன மாற்றினார் என்று அவர் ஒரு வரியில் எழுதிய தொகுப்புச் சுருக்கம். புதிதாக வருகிறவருக்கு அது வெறும் எண்களும் பெயர்களும் நிறைந்த பட்டியல். சில மாதங்கள் பார்த்துப் பழகியவருக்கோ ஒவ்வொரு வரியும் ஆளைக் காட்டிவிடும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். யுனிகோடில் ஒரு தமிழெழுத்துக் குறி மூன்று பைட்டுகளைப் பிடிக்கிறது. ‘க்’ என்னும் ஒற்று, ககரமும் புள்ளியுமாக இரண்டு குறிகளால் ஆவதால், அதைச் சேர்த்தால் ஆறு பைட்டுகள் கூடும். ஆகவே, பட்டியலில் பச்சை நிறத்தில் +6, +12, +6 என்று அடுத்தடுத்து வரிசையாக விழுந்தால், வல்லினம் மிகுமிடங்களைப் பார்த்துப் பார்த்து ஒற்றுச் சேர்க்கும் அந்த ஒருவர் வந்துவிட்டார் என்று, பெயரைப் படிக்கும் முன்பே தெரிந்துவிடும். அவர் ‘ஆலமரத்தடி’ என்னும் பொது உரையாடல் பக்கத்தில் நடக்கும் எந்த விவாதத்திலும் வாய் திறந்ததில்லை. யாருடைய பேச்சுப் பக்கத்திலும், அதாவது பிறர் அவருக்குச் செய்தி எழுதும் பக்கத்திலும், எழுதியதில்லை. ஆனாலும், இத்தளத்தில் நான் மிக நன்றாக அறிந்த மனிதர்களில் அவரும் ஒருவர்.

சொல் வழக்கு இன்னொரு துப்பு. பாடசாலை, வைத்தியசாலை, ரொறன்ரோ என்று எழுதுகிறவர் ஈழத்து மரபில் வந்தவர். பள்ளி, மருத்துவமனை, டொராண்டோ என்று எழுதுகிறவர் தமிழ்நாட்டு மரபில் வந்தவர். ஜனவரியைச் சனவரி ஆக்குகிறவர் யார், அப்படியே விட்டுவிடுகிறவர் யார் என்பதும் விரைவில் பிடிபடும். நேரமும் ஓரளவு பேசும். தளத்தில் கையொப்பங்கள் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் பதிவாகின்றன. இரவு 11.30 என்று அங்கே காட்டினால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் விடியற்காலை 5 மணி. கனடாவின் கிழக்குப் பகுதியிலோ மாலைப் பொழுது. அந்த வேளையில் தவறாமல் வரும் இருவரில், ஒருவர் வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறார் என்றும் மற்றவர் வேலை முடிந்து வந்து எழுதுகிறார் என்றும் அவர்களுடைய உரையாடல்களைப் படித்துத்தான் உறுதி செய்துகொண்டேன். ஊர், தொழில், முகம் எதுவும் தெரியாமலே ஒரு மனிதரின் அன்றாடம் நமக்குப் பழகிப்போகிறது.

இன்று இல்லாதவர்களையும், நமக்கு முன்னே வந்தவர்களையும்கூட இப்படி அறிய முடிகிறது. தொடக்க ஆண்டுகளில் பெருந்தொகையான கட்டுரைகளைத் தொடங்கியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியபோது பலர் அவர் பெயரை முதன்முறையாகக் கேட்டிருப்பார்கள். பழைய கட்டுரைகளின் வரலாற்றுப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பெயர் அதற்கு முன்பே நன்றாகப் பழகியிருந்தது.

இந்த அறிமுகத்தால் விளையும் முதல் பயன் காவல் பணியில் தெரிகிறது. சிறிய விக்கிகளில் விசமத் தொகுப்புகளைக் கவனிக்க ஆள் குறைவு. ஒரு நடிகரின் பிறந்த ஆண்டை யாரோ மாற்றிவிட்டுப் போயிருந்தால், ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்க்க ஒருவருக்கு நேரம் போதாது. தெரிந்த பெயர்களை ஒதுக்கிவிட்டுத் தெரியாதவற்றை மட்டும் பார்க்க முடிவதால்தான் சிலரைக் கொண்டே இவ்வளவு பெரிய தளம் காக்கப்படுகிறது. தானியங்கிக் கருவிகள் உதவுகின்றன என்பது உண்மை. ஆனால், வழக்கமாகப் பறவைகளைப் பற்றி மட்டுமே எழுதும் ஒருவரின் கணக்கிலிருந்து திடீரென அரசியல்வாதி ஒருவரைப் புகழும் பத்தி வந்தால், அந்தக் கணக்குக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று ஐயப்படக் கருவிக்குத் தோன்றாது. அவரை அறிந்த மனிதருக்கே தோன்றும்.

அதைவிடப் பெரிய பயன் விவாதங்களில் கிடைக்கிறது. கிரந்த எழுத்துகளை எவ்வளவு பயன்படுத்தலாம், ஊர்ப் பெயர்களை எப்படி எழுதலாம் என்பவை இங்கு ஆண்டுக்கணக்கில் நடந்துவரும் விவாதங்கள். கடுமையான சொற்களும் விழுந்திருக்கின்றன. என்னோடு ஒரு தலைப்பின் எழுத்துக்கூட்டலுக்காக நீண்ட நாள் வாதிட்டவர், அதே வாரத்தில் நான் தொடங்கிய மீனினக் கட்டுரையொன்றில் விலங்கியல் பெயரைச் சரிசெய்து, மேற்கோளும் சேர்த்திருந்தார். நான் ‘நன்றி’ பொத்தானை அழுத்தினேன். வாதம் முடியவில்லை, இன்றும் நாங்கள் அந்தத் தலைப்பில் ஒத்துப்போகவில்லை. ஆனால், நாளைக்கும் இதே மனிதரோடுதான் இதே பக்கங்களில் வேலை செய்ய வேண்டும் என்பதை இருவரும் அறிந்திருந்ததால், எங்கள் சொற்கள் ஓர் எல்லையைத் தாண்டவில்லை. முகமறியாதவர்கள் ஒருமுறை மோதிவிட்டுப் போய்விடும் பெரிய தளங்களில் இப்படிப்பட்ட கட்டுப்பாடு அரிது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். இவற்றை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் எவரும் திறந்து பார்க்காமல் விடும் தொகுப்புகளில் பிழைகள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. நன்கு அறியப்பட்ட ஒருவர் மேற்கோளின்றி எழுதிய ஓர் ஊர் வரலாற்றை வேறு கட்டுரைகளும் எடுத்தாண்டு, பிறகு வெளித்தளங்களும் படியெடுத்து, இறுதியில் அந்த வெளித்தளமே மூலக் கட்டுரைக்கு மேற்கோளாக வந்து சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். பெயர் தெரியாத ஒருவர் அதே பத்தியை எழுதியிருந்தால் முதல் மணி நேரத்திலேயே ‘மேற்கோள் தேவை’ என்னும் எச்சரிக்கைக் குறிப்பு (வார்ப்புரு) விழுந்திருக்கும்.

புதியவர்களின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. கணக்குத் தொடங்கியதும் ‘வாருங்கள்’ என்று தொடங்கும் வரவேற்புச் செய்தி அவர்களுடைய பேச்சுப் பக்கத்தில் தானாக வந்து அமர்கிறது. அதற்குப் பிறகு மனிதர் எழுதும் முதல் சொல் பல வேளைகளில் ‘நீக்குக’ என்பதாக இருக்கிறது. பழையவர்கள் தமக்குள் குறிப்பாலேயே பேசிக்கொள்கிறார்கள்; பழைய முடிவொன்றைச் சுட்டிக்காட்டி ‘முன்பே பேசி முடிவு செய்தது’ என்று எழுதிவிடுகிறார்கள்; அந்தப் பேச்சு எங்கே நடந்தது என்று புதியவருக்கு எவரும் காட்டுவதில்லை. பயிற்சிப் பட்டறைகளில் நடப்பதும் கவலைக்குரியது. ஒரே கல்லூரியின் மாணவர்கள் ஒரே அறையில் அமர்ந்து, பயிற்றுநர் கற்றுக்கொடுத்த ஒரே அமைப்பில் எழுதும்போது, பல கணக்குகள் ஒரே சாயலில் இயங்குவதைக் கண்டு, ஒருவரே பல பெயர்களில் எழுதுகிறார் என்று ஐயம் எழுகிறது. உண்மையான கைப்பாவைக் கணக்குகளும் பெரும்பாலும் சாயலைக் கொண்டுதான் பிடிபடுகின்றன. முற்றுப்புள்ளிக்கு முன் இடைவெளி விடும் பழக்கம் ஒன்றே போதுமான தடயமாக அமைந்ததுண்டு. அதே கண்தான் குற்றமற்ற மாணவியையும் ஐயுறுகிறது. தடை செய்யும் முன்பு பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வியேனும் கேட்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதைச் செய்யாமல் விடும்போதெல்லாம் நாளைய தெரிந்த முகமொன்றை நாமே இழக்கிறோம்.

வராமற்போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய தளத்தில் ஒருவர் நின்றுவிட்டால் எவருக்கும் தெரியாது. இங்கே இரண்டு வாரங்கள் ஒரு பெயர் பட்டியலில் விழவில்லையென்றால், யாராவது அவர் பேச்சுப் பக்கத்தில் நலம் விசாரிப்பார்கள். தேர்வு, வேலை மாற்றம், குழந்தைப் பேறு என்று பதில் வரும். சிலரிடமிருந்து பதில் வருவதில்லை. மறைந்துவிட்டார் என்று குடும்பத்தினர் வழியே பின்னர் அறிந்த பயனர் ஒருவரின் பக்கத்தில், அவரை நேரில் கண்டறியாத பலர் அஞ்சலி எழுதினோம். அவர் கவனித்துவந்த சிற்றூர்க் கட்டுரைகளை இருவர் தத்தம் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

அண்மைக் காலத்தில் இந்த அறிமுகம் மங்கத் தொடங்கியிருப்பதை உணர்கிறேன். அதற்கு முதற்காரணம் உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவி. இயந்திரம் தரும் வரைவைச் சற்றே திருத்தி வெளியிடும்போது, எழுதியவரின் நடையும் சொல்லாட்சியும் அதில் இறங்குவதில்லை. தொகுப்புச் சுருக்கத்தையும் கருவியே எழுதிவிடுகிறது. பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எல்லாக் கட்டுரைகளும் ஒருவரே எழுதியவை போலத் தோன்றுகின்றன. அக்கருவியால் எண்ணிக்கை கூடுகிறது என்பதை மறுக்கவில்லை. வரைவை வரிக்கு வரி தம் நடைக்கு மாற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை இன்னமும் என்னால் இனங்காண முடிகிறது.

மற்றொரு காரணம், கணக்கின்றித் தொகுப்போருக்கு ஐ.பி. முகவரிக்குப் பதிலாக, எண்ணையே பெயராகக் கொண்ட தற்காலிகக் கணக்கு வழங்கும் புதிய ஏற்பாடு. முகவரி பொதுவெளியில் தெரியாதது அவர்களுடைய தனியுரிமைக்கு நல்லது. அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால், அந்தக் கணக்குகள் 90 நாள்களில் காலாவதியாகிவிடுகின்றன. முன்பெல்லாம் ஒரே முகவரித் தொடரிலிருந்து வந்து தொடருந்து நிலையங்களின் தகவல்களை மட்டும் புதுப்பித்துப் போகும் ஒருவரை, கணக்கே இல்லாதபோதும் நாங்கள் அறிந்திருந்தோம். இப்போது அவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய எண்ணோடு வருகிறார் என்றே நினைக்கிறேன். தொடருந்துப் பக்கங்களில் புதிய எண்ணொன்று தென்படும்போதெல்லாம், கணக்குத் தொடங்குமாறு அழைத்து அதன் பேச்சுப் பக்கத்தில் என் கைப்பட ஒரு குறிப்பு எழுதிவருகிறேன்.